பெயர் பெறாத கனி

ஊரின் பெயரைச் சொன்னவுடன் ஒரு பண்டத்தின் பெயரும் கூடவே நாவில் வந்து நிற்பது நம் நாட்டு வழக்கம். திருநெல்வேலி என்றால் அல்வா. மணப்பாறை என்றால் முறுக்கு. ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் பால்கோவா. பழநி என்றால் பஞ்சாமிர்தம். ஊர் பண்டத்துக்குப் பெயர் கொடுக்கிறது. பண்டம் ஊருக்குப் புகழ் கொடுக்கிறது. கடல் கடந்து வாழும் நம் குடும்பங்களில் பிறந்து வளரும் பிள்ளைகள் அந்த ஊர்களைக் கண்ணால் கண்டிருக்க மாட்டார்கள். ஆயினும் ஊரிலிருந்து வந்த உறவினர் பெட்டியைத் திறந்ததும் அந்தப் பெயர்களைத் தவறாமல் சொல்லிவிடுவார்கள்.

இவ்வாறு பெயர் பெற்ற பண்டங்களுக்கு நடுவே, நம் வீடுகளில் அடிக்கடி புழங்கியும் பெயர் பெறாத பண்டம் ஒன்று உண்டு. அது சித்தூர்ச் சீமையின் மாம்பழம். அதைப் பற்றியே இக்கட்டுரை. இடையில் இத்தாலிய நாட்டுச் செந்திராட்சை மதுவைப் பற்றியும் சிறிது பேச நேரும். மதுவின் பெருமையைப் பாடுவது நம் கருத்தன்று. கள்ளுண்ணாமைக்கு வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்துத் தந்த மொழியில் பிறந்தவர்கள் நாம். புட்டிக்குள் இருப்பதை விட்டுவிட்டு, புட்டியின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டை மட்டும் படித்துப் பார்ப்போம்.

2025-ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் நாம் சித்தூருக்கும் திருப்பதிக்கும் போய் வந்தோம். சென்னையிலிருந்து திருமலைக்குச் செல்லும் அன்பர்கள் பெரும்பாலும் திருத்தணி, புத்தூர் வழியாகவே செல்வர். நாம் வேண்டுமென்றே மேற்கே சுற்றி, வாலாஜா, இராணிப்பேட்டை வழியாகச் சித்தூரை அடைந்தோம். சென்னையிலிருந்து ஏறக்குறைய 150 கிலோமீட்டர் தூரம். ஊரை ஒட்டி நீவா நதி ஓடுகிறது. ஓடுகிறது என்பது வழக்குச் சொல். ஆண்டின் பெரும்பகுதி அங்கே காண்பது மணல்தான். அந்த நதியே தமிழ்நாட்டுக்குள் புகுந்ததும் பொன்னை ஆறு என்ற பெயர் பூண்டு பாலாற்றில் கலக்கிறது.

ஆற்றுக்கு இரண்டு பெயர் இருப்பதுபோல் ஊருக்கு இரண்டு மொழி. பழைய வட ஆற்காடு, கடப்பை மாவட்டங்களின் வட்டங்கள் சிலவற்றைச் சேர்த்து 1911 ஏப்ரல் 1 அன்று சித்தூர் மாவட்டத்தை அமைத்தார்கள். 1953-இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது எல்லை எங்கே என்ற வினா எழுந்தது. ம. பொ. சிவஞானம் முதலியோர் வடக்கெல்லைப் போராட்டத்தை நடத்தினர். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே நின்றன. தொல்காப்பியப் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்துக்கு வட எல்லையாகக் குறிக்கும் வேங்கட மலை அந்தத் திருப்பதியில்தான் இருக்கிறது. பின்னர் 2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி தனி மாவட்டமாயிற்று. இன்றும் சித்தூர்க் கடைவீதியில் பலகைகள் தெலுங்கில் இருக்க, பலகைக்குக் கீழே நடக்கும் பேரம் பல கடைகளில் தமிழில் நடக்கிறது.

மனிதர் வகுத்த எல்லைகளை மாமரங்கள் அறியா. சித்தூரிலிருந்து புறப்படும் தோப்புகள் தெற்கே நம் கிருஷ்ணகிரி வரையிலும், மேற்கே கர்நாடகத்துக் கோலார், சீனிவாசபுரம் வரையிலும் பரவிக் கிடக்கின்றன. மூன்று மாநிலங்களிலும் பெருவாரியாக நிற்பது ஒரே இன மரம். அதுதான் கிளிமூக்கு.

கிளிமூக்கு மாங்காயை அறியாத தமிழர் இல்லை. நீண்டு, நுனியில் கிளியின் அலகுபோல் வளைந்திருக்கும். பள்ளிக்கூட வாயிலில் கூடைக்கார அம்மாள் கீறி, உப்பும் மிளகாய்ப் பொடியும் தூவிக் கொடுத்த காய் அதுவே. வடநாட்டார் அதைத் தோத்தாபுரி என்பர். தோத்தா என்றால் கிளி. பெங்களூரா என்ற பெயரும் உண்டு. பழுத்தபின் மல்கோவாவுக்கும் பங்கனப்பள்ளிக்கும் அது ஈடாகாது. இனிப்பும் குறைவு, மணமும் குறைவு. ஆயினும் சதை மிகுதி, நார் குறைவு. அடிபடாமல் நெடுந்தூரம் போகும். பழக்கூடையில் குறையாக நின்ற குணங்கள் ஆலையில் குறையாகவில்லை. நிறைவான குணங்கள் ஆலைக்கு மிகவும் வேண்டியிருந்தன. ஆகவே இந்தியாவின் மாங்கூழ்த் தொழிலுக்கு இரண்டு பெரிய மையங்கள் ஏற்பட்டன. ஒன்று சித்தூர், மற்றொன்று கிருஷ்ணகிரி. இந்தியாவிலும் வெளிநாடுகளிலும் நம் பிள்ளைகள் புட்டியிலும் அட்டைப் பெட்டியிலும் வாங்கிக் குடிக்கும் இந்திய மாம்பழ பானங்களில் மிகுதியானவை இந்தக் கிளிமூக்கின் கூழால் ஆனவையே.

சித்தூரிலிருந்து பெங்களூர் செல்லும் சாலையில் பங்காருபாளையம் என்றோர் ஊர் இருக்கிறது. மாங்காய்ச் சந்தைக்குப் பெயர் போன ஊர். அந்தப் பக்கத்தில் ஒரு கூழ் ஆலையின் வாயிலிலிருந்து சாலையோரமாக டிராக்டர்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் காய் குவிந்திருந்தது. வெயிலில் வாடிப் போகாமலிருக்க வேப்பந்தழையை மேலே பரப்பியிருந்தார்கள். வண்டியின் நிழலில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்த முதியவர் ஒருவரோடு பேச்சுக் கொடுத்தோம். மூன்று ஏக்கர் தோப்புக்காரர். தெலுங்கும் தமிழும் கலந்து பேசினார்.

“எப்பொழுது வந்தீர்கள், ஐயா?”

“நேற்று விடியற்காலையிலே வந்தேன், சாமி. டோக்கன் கொடுத்திருக்கிறார்கள். இன்று ராத்திரிக்குள்ளே உள்ளே விட்டால் பெருமாள் புண்ணியம்.”

“உள்ளே போனபிறகு காய் எங்கே போகிறது?”

“தராசு வரைக்கும் எனக்குத் தெரியும். அதற்கு அப்பாலே கப்பலிலே போகிறது என்கிறார்கள்.”

நாம் வாழும் நாட்டிலும் அதைக் குடிக்கிறோம் என்று சொன்னோம். பெரியவர் எழுந்து உட்கார்ந்தார். “அங்கே என்ன பேர் சொல்லி விற்கிறார்கள்?” என்று கேட்டார். பானத்தை விற்கும் நிறுவனத்தின் பெயரைச் சொன்னோம்.

“அது கம்பெனிக்காரன் பேர். காய்க்கு என்ன பேர்?”

மாம்பழம் என்று மட்டும் போட்டிருக்கும் என்றோம். “எந்த மாம்பழம், எந்த ஊர் என்று போடமாட்டார்களா?” என்றார். இல்லை என்று தலையை அசைத்தோம். அவர் வேப்பந்தழையைச் சரிசெய்யத் திரும்பிவிட்டார்.

அப்பகுதியில் மற்றோர் ஆலையை உள்ளே சென்று காணும் வாய்ப்புக் கிடைத்தது. காய் நேரே அரைவைக்குப் போவதில்லை. முதலில் அறைகளில் சில நாள் வைத்துப் பழுக்கச் செய்கிறார்கள். பின்பு நீரில் கழுவி, அழுகலைப் பொறுக்கி எறிந்து, காம்பையும் நுனியையும் அரிந்து விடுகிறார்கள். இயந்திரம் கொட்டையையும் தோலையும் ஒதுக்கிச் சதையைப் பிழிகிறது. அது சல்லடைகளின் வழியே இறங்கி மென்மையான கூழாகிறது. அதைச் சூடேற்றிக் கிருமிகளை அழித்து, உடனே குளிர்வித்து, காற்றுப் புகாத பைகளில் நிரப்பிப் பெரிய பீப்பாய்களில் அடைக்கிறார்கள். சிறிதளவு தகர டப்பாக்களிலும் அடைக்கிறார்கள். ஏறக்குறைய இரண்டு கிலோ பழத்துக்கு ஒரு கிலோ கூழ் கிடைக்கிறது. பீப்பாய் மூடப்பட்டபின் அந்தக் கூழ் எந்தத் தோப்பின் பழம் என்பதைச் சொல்ல யாராலும் ஆகாது. நூறு தோப்புகளின் பழம் அதில் ஒன்றாய்க் கலந்திருக்கிறது.

அந்த ஆண்டு விளைச்சல் மிகுதி. முந்தைய ஆண்டின் கூழும் ஆலைகளில் விற்காமல் தேங்கியிருந்தது. ஆகவே விலை சரிந்தது. ஆந்திர அரசு தலையிட்டுக் கிலோவுக்கு 12 ரூபாய் என்று வகுத்தது. அதில் 8 ரூபாயை ஆலை கொடுக்க வேண்டும். 4 ரூபாயை அரசு கொடுக்கும். உள்ளூர்க் காயே தேங்கி நிற்கும்போது வெளியூர்க் காய் வரலாகாது என்று, கர்நாடகத்துக் கிளிமூக்கு சித்தூர் மாவட்டத்துக்குள் நுழைவதற்கு 2025 ஜூன் மாதத்தில் தடை விதித்தார்கள். அங்குள்ள விவசாயிகள் தவித்தார்கள். கர்நாடக முதலமைச்சர் ஆந்திர முதலமைச்சருக்குக் கடிதம் எழுதும் அளவுக்கு அது வளர்ந்தது.

இந்தக் கணக்கை வாசகர்கள் தம் வீட்டுப் புட்டியோடு பொருத்திப் பார்க்கலாம். கடைகளில் விற்கும் மாம்பழ பானம் பலவற்றில் கூழ் ஐந்தில் ஒரு பங்குகூட இராது. மீதி நீரும் சர்க்கரையுமே. ஐந்தில் ஒரு பங்கு என்றே வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் பானத்தில் 200 கிராம் கூழ்; அதற்கு வேண்டிய பழம் 400 கிராம்; கிலோ 12 ரூபாய் வீதம் அதன் விலை 4 ரூபாய் 80 காசு. ஒரு லிட்டருக்கு நாம் கொடுக்கும் பணத்தில் மரத்துக்கு உரியவருக்குப் போய்ச் சேருவது ஐந்து ரூபாய்க்கும் உட்பட்டது. அதிலும் மூன்றில் ஒரு பங்கு அரசு கொடுத்த உதவித் தொகை.

நாம் வாழும் நாடுகளில் பல கடைகளில் பழ பானங்களின் தட்டுக்குச் சில அடி தள்ளி மதுப் புட்டிகளின் தட்டும் இருக்கக் காணலாம். அங்கே இத்தாலியச் செந்திராட்சை மது ஒன்றன் சீட்டைப் படித்தால், பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் ஓர் இடத்தின் பெயர். எடுத்துக்காட்டாகப் புருனெல்லோ தி மொந்தால்சீனோ. மொந்தால்சீனோ என்பது டஸ்கனி நாட்டில் ஒரு குன்றின் மேல் உள்ள சிற்றூர். அங்கே விளையும் சாஞ்சோவேசே என்னும் கருந்திராட்சையே அம்மதுவுக்கு மூலம். திராட்சையைப் பிழிந்து தோலோடு சேர்த்துப் புளிக்க விடுகிறார்கள். சிவப்பு நிறம் தோலிலிருந்தே இறங்குகிறது. பின்னர் மரப் பீப்பாய்களில் நெடுநாள் வைக்கிறார்கள்.

இதில் வியப்பு மதுவில் இல்லை. அதற்கு அவர்கள் வகுத்திருக்கும் விதிகளில் இருக்கிறது. 1963-இல் இத்தாலிய அரசு ஊர்ப் பெயர் தாங்கிய மதுக்களுக்கென ஒரு சட்டம் செய்தது. அச்சட்டத்தின் கீழ் முதன்முதலாக இடம் பெற்றவற்றுள் மொந்தால்சீனோவும் ஒன்று, ஆண்டு 1966. 1980-இல் அதற்கு மேலும் உயர்ந்த தகுதி கிடைத்தது. அந்த ஊர் எல்லைக்குள் விளைந்த பழமாக இருக்க வேண்டும். சாஞ்சோவேசே தவிர வேறு பழம் கலக்கலாகாது. ஒரு ஹெக்டேரில் 8 டன்னுக்கு மேல் அறுவடை செய்யலாகாது. இரண்டாண்டுக்குக் குறையாமல் மரப் பீப்பாயில் இருக்க வேண்டும். அறுவடைக்குப் பிந்திய ஐந்தாம் ஆண்டு ஜனவரி மாதத்துக்கு முன் கடைக்கு வரலாகாது. இத்தனைக்கும் கட்டுப்பட்டவருக்கே மொந்தால்சீனோ என்னும் பெயரை எழுத உரிமை.

அந்த ஊர் என்றும் செல்வ ஊராக இருந்ததில்லை. சென்ற நூற்றாண்டின் நடுவில் டஸ்கனி உழவர் பலர் வாரச் சாகுபடிக்காரர்கள். விளைவில் ஒரு பாதி நிலக்காரருக்குப் போயிற்று. 1964-இல் ஒரு சட்டம் புதிய வார ஒப்பந்தங்களைத் தடுத்தது. அக்காலத்தில் இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக நகரங்களுக்குப் பிழைக்கப் போனார்கள். ஊரை விட்டுப் போவது இன்னதென்று நமக்குச் சொல்ல வேண்டுவதில்லை. ஆனால் அந்த ஊருக்குப் பெயர் ஒன்று நிலைத்தது. இன்று அங்கே இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் மது வடிக்கிறார்கள். அவர்களுள் பழம்பெரும் குடும்பங்களும் உண்டு. சில ஏக்கர் கொடி வைத்து நேற்றுத் தொடங்கிய இளைஞர்களும் உண்டு. சின்னஞ்சிறு புதுத் தொழிற்கூடம் ஒன்று, முதற் புட்டியை வெளியிடும் அன்றே ஊரின் பெயரையும் அதில் எழுதிக்கொள்கிறது. அவர்களை உலகம் அறியாது. ஊரை உலகம் அறியும். அந்தப் பெயரின் மதிப்பு சிறியவருக்கும் கிடைக்கிறது.

சாஞ்சோவேசே கொடி இந்தியாவுக்கும் வந்துவிட்டது. மகாராஷ்டிர மாநிலம் சோலாப்பூர் மாவட்டத்து அக்லூஜில் 2007-இல் ஃப்ரடெல்லி என்ற பெயரில் ஒரு மது நிறுவனம் தோன்றியது. இத்தாலிய மொழியில் அச்சொல்லுக்குச் சகோதரர்கள் என்று பொருள். இத்தாலியச் சகோதரர் இருவர், தில்லிச் சகோதரர் இருவர், அக்லூஜ்ச் சகோதரர் இருவர், அவர்களோடு டஸ்கனியைச் சேர்ந்த மது வல்லுநர் பியரோ மாசி, ஆக எழுவர். அவர்களது செந்திராட்சை மது ஒன்றுக்கு ஏழு என்று பொருள்படும் சேத்தே என்பதே பெயர். தக்காணத்து மண்ணில் இத்தாலியக் கொடி தழைக்கிறது. ஆனால் அந்த மதுவுக்கு மொந்தால்சீனோ என்று பெயரிட அவர்களுக்கு உரிமை இல்லை. கொடியைக் கப்பலில் ஏற்றிக் கொண்டு வரலாம். ஊர்ப் பெயரை ஏற்றிக் கொண்டு வர இயலாது. கிளிமூக்குக் கூழோ கப்பலேறும்போது தன் ஊர்ப் பெயரைத் துறைமுகத்தில் விட்டுவிட்டுப் போகிறது.

இந்த எண்ணத்தோடு சித்தூரிலிருந்து திருப்பதிச் சாலையில் ஏறினோம். தூரம் ஏறக்குறைய 70 கிலோமீட்டர். வழியில் சிறிது விலகினால் காணிப்பாக்கம். அங்கே கிணற்றில் தானாகத் தோன்றியவர் என்று மக்கள் போற்றும் பிள்ளையார் எழுந்தருளியிருக்கிறார். வழக்கு வியாச்சியம் உள்ளவர்கள் அவர் சந்நிதியில் சத்தியம் செய்வது அந்தச் சீமை வழக்கம். பொய்ச் சத்தியம் செய்தவரைப் பிள்ளையார் விடமாட்டார் என்பது நம்பிக்கை. புட்டியின் மேல் ஒட்டும் சீட்டும் ஒரு சத்தியமே அல்லவா? இது இன்ன ஊரில் இன்னார் விளைத்தது என்று வாங்குகிறவர் முன் செய்யும் சத்தியம். சீட்டில் ஊரே இல்லாதபோது சத்தியமும் இல்லை. யாரையும் பிடித்துக் கேட்கவும் வழியில்லை.

காணிப்பாக்கத்துக்கு அப்பால் திருப்பதியை நெருங்கும்போது சந்திரகிரிக் கோட்டை தென்படுகிறது. விசயநகர அரசின் கடைசித் தலைநகரங்களுள் ஒன்று அது. 1639-இல் ஆங்கிலேயருக்குக் கடற்கரை மணல்வெளி ஒன்றை அளித்த நாயக்கர் அந்த அரசுக்கு அடங்கியவர். அவர் தந்தையார் சென்னப்ப நாயக்கரின் பெயராலேயே சென்னப்பட்டினம் என்ற பெயர் வந்தது என்பர். கோட்டை இன்று காட்சிச்சாலையாக இருக்கிறது. அந்தப் பெயரோ ஒரு பெருநகரமாக வாழ்கிறது.

சந்திரகிரியைக் கடந்தால் சேஷாசலத் தொடர். செம்மரம் இயற்கையாக வளரும் மலை. அடிவாரத்தில் திருப்பதி; மேலே திருமலை. மேலே மதுவுக்கும் புலாலுக்கும் இடமில்லை. திராட்சைக்கு மட்டும் இடமுண்டு. உலர்ந்த திராட்சையாக அது இலட்டில் புகுந்து பெருமாளின் பிரசாதமாகிறது.

வேங்கடவன் இலட்டை அறிமுகம் செய்வது வீண். கடலை மாவு, சர்க்கரை, நெய், முந்திரி, உலர்ந்த திராட்சை, ஏலம், கற்கண்டு ஆகியவை அதில் சேரும் பொருள்கள். இத்தனை இலட்டுக்கு இன்ன பொருள் இவ்வளவு என்று திட்டம் என்னும் அளவுமுறை ஒன்றை வகுத்து வைத்திருக்கிறார்கள். போட்டு என்று வழங்கும் மடைப்பள்ளியில் நாள்தோறும் இலட்சக்கணக்கில் பிடிக்கிறார்கள். மொந்தால்சீனோவுக்கு விதி எப்படியோ, இலட்டுக்குத் திட்டம் அப்படி. 2009-இல் திருப்பதி இலட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. திருமலை திருப்பதி தேவஸ்தானம் அன்றி வேறு எவரும் இனிப்பைப் பிடித்து அந்தப் பெயரால் விற்கலாகாது என்பது இப்போது சட்டம்.

ஆகவே ஐம்பது கல் தொலைவுக்குள் இரண்டு பண்டங்கள் இருக்கின்றன. ஒன்று கையளவு இனிப்பு. அதன் பெயரைச் சட்டமும் பக்தியும் சேர்ந்து காக்கின்றன. மற்றொன்று நாடு நாடாகப் போகும் கனி. அதற்குப் பெயர் இல்லை.

பெயர் இருந்தால் மட்டும் குற்றம் வராது என்று நாம் சொல்லவில்லை. 2008-இல் மொந்தால்சீனோ மது சிலவற்றில் வேறு திராட்சை கலந்திருக்கிறது என்ற புகார் எழுந்தது. சியெனா நகர அதிகாரிகள் விசாரித்தார்கள்; ஒரு பகுதி மது அந்தப் பெயரை இழந்தது. 2024-இல் திருப்பதி இலட்டுக்குரிய நெய்யின் தூய்மையைப் பற்றிப் பெரிய சர்ச்சை எழுந்தது. உச்ச நீதிமன்றம் தனிப் புலனாய்வுக் குழு அமைக்கச் செய்தது. இரண்டு இடத்திலும் மக்கள் கொதித்தெழுந்ததற்குக் காரணம், அந்தப் பெயரை அவர்கள் நம்பியிருந்ததே. மாம்பழ பானத்தில் கூழ் குறைந்தால் யார் கேட்கிறார்கள்? எந்த ஊர்க்காரர் தம் ஊர்ப் பெயர் கெட்டதென்று வழக்குத் தொடுப்பார்? பெயர் உள்ள பண்டத்துக்குக் காவலர் பலர். பெயரில்லாத பண்டத்துக்குத் தராசே எல்லை.

நம் நாட்டிலும் சில பண்டங்கள் விழித்துக்கொண்டன. ஆந்திரத்தின் பங்கனப்பள்ளி மாம்பழம் 2017-இலும், நம் தேனி மாவட்டத்துக் கம்பம் பன்னீர் திராட்சை 2023-இலும் புவிசார் குறியீடு பெற்றன. கம்பத்துத் திராட்சையை 1832-இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் கொண்டுவந்தார் என்பர். வெளிநாட்டுக் கொடி, ஊர் மண்ணில் வேரூன்றி, ஊர்ப் பெயரையே பெற்றுவிட்டது. வந்த இடத்தில் வேர்விட்ட நமக்கு அச்செய்தி இனிக்கும்.

கிளிமூக்குக்கு அவ்வழி எளிதன்று என்பதையும் சொல்ல வேண்டும். முதலாவது, பங்கனப்பள்ளி கூடையில் விற்கும் பழம். வாங்குகிறவர் அதன் முகத்தைப் பார்க்கிறார். கிளிமூக்கு பீப்பாயில் முகம் இழக்கிறது. இரண்டாவது, அது மூன்று மாநிலத்துக் கனி. சித்தூர் என்று பெயர் எழுதினால் கிருஷ்ணகிரிக்காரரும் கோலார்க்காரரும் தத்தம் பெயரைக் கேட்பர். கேட்கட்டும், டஸ்கனியில் ஒரே சாஞ்சோவேசே திராட்சையை ஊருக்கு ஊர் வெவ்வேறு பெயரால் வடிக்கிறார்கள், எல்லா ஊரும் பிழைக்கிறது. மூன்றாவது, அளவு. 2011-இல் கோக்கா-கோலா நிறுவனமும் ஜெயின் பாசன நிறுவனமும் சேர்ந்து உன்னதி என்ற திட்டத்தைச் சித்தூரில் தொடங்கின. பழைய முறையில் ஏக்கருக்குச் சுமார் 40 மரம். அடர்நடவில் 600-க்கு மேல். விளைச்சல் பெருகுவது நல்லதே. ஆனால் மொந்தால்சீனோ உழவர் 8 டன்னுக்கு மேல் வேண்டாம் என்று தமக்குத் தாமே அணை கட்டிக்கொண்டதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பெயர் இல்லாத பண்டம் பெருகினால் விலை விழும். பெயர் உள்ள பண்டத்துக்கு மட்டுமே குறைத்து விளைவித்துக் கூடுதலாகப் பெறும் துணிவு வரும்.

பெரிய ஆலைகளைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. அவை இல்லாவிடில் காய் மரத்தடியிலேயே அழுகும். ஆனால் அவற்றோடு கூட, பத்து இருபது தோப்புக்காரர்கள் சேர்ந்து நடத்தும் சிற்றாலைகளும் வேண்டும். தம் தோப்புப் பழத்தை மட்டும் பிழிந்து, வேறு கூழ் கலவாமல், இன்ன ஊர், இன்ன ஆண்டு என்று எழுதி விற்கும் ஆலைகள் வேண்டும். அப்படிப்பட்ட ஆலை சிறியதாக இருக்கலாம்; வயதில் இளையதாக இருக்கலாம். இத்தாலியின் குன்றுகளில் சிறுமையும் இளமையும் ஒரு தடையாக இல்லை என்பதைக் கண்டோம். ஊரின் பெயர் தோள் கொடுத்தால் இங்கும் தடையாகா.

இதில் நம் சங்கத்துக் குடும்பங்களுக்கும் ஒரு பங்கு உண்டு. சித்தூர் உழவரின் குரல் ஆலை வாயிலோடு நின்றுவிடுகிறது. அவர் அறியாத நாட்டில், அவர் அறியாத கடையில், புட்டியைக் கையில் எடுப்பவர்கள் நாம். எங்கள் ஊர் மாம்பழ பானத்தில் எந்த மாம்பழம், எந்த ஊர்ப் பழம் என்று கடைக்காரரைக் கேட்போம். ஒருவர் கேட்டால் அவர் சிரிப்பார். ஐம்பது குடும்பங்கள் கேட்டால் சரக்கு அனுப்புகிறவருக்கு எழுதுவார். ஊர்ப் பெயர் எழுதிய புட்டி ஒன்று வந்தால், சில காசு கூடுதலானாலும் அதையே எடுப்போம்.

பிள்ளைகளுக்கும் சொல்லி வைப்போம். அல்வாவுக்கும் பால்கோவாவுக்கும் ஊர் சொல்லத் தெரிந்த பிள்ளைகள், தாங்கள் தினம் குடிக்கும் சாற்றுக்கும் ஊர் சொல்லட்டும். வளைந்த மூக்குள்ள அந்தக் காயின் பெயர் கிளிமூக்கு. அது விளையும் ஊர்களில் ஒன்றின் பெயர் சித்தூர். வேப்பந்தழை போர்த்தி அதை ஆலைக்குக் கொண்டு வருகிறவர்களில் நம் மொழி பேசுகிறவர்களும் உண்டு. இந்த மூன்றையும் அவர்கள் அறிந்துகொண்டால், பெரியவர் கேட்ட கேள்விக்கு ஒரு வீட்டிலாவது விடை கிடைத்ததாகும்.